திருகோணமலைக்கு ஒரு ரயில் அருங்காட்சியகம்: எஞ்சினில் தொடங்க வேண்டாம்

கல்ஓயாச் சந்தியில் மட்டக்களப்புப் பாதையை விட்டுப் பிரிந்து, கந்தளாய், தம்பலகாமம், சீனன்குடா வழியாகச் சுமார் 70 கி.மீ. ஓடித் திருகோணமலையில் முடிகிற ரயில்பாதை 1927இல் திறக்கப்பட்டது. 2027 அதன் நூற்றாண்டு. ஊரில் இந்தப் பேச்சை எடுத்தால் போதும், இரண்டு கோரிக்கைகள் சேர்ந்தே வந்து விழும். கடுகண்ணாவையில் இருப்பதுபோல் நமக்கும் ஒரு ரயில் அருங்காட்சியகம் வேண்டும். நிலைய வாசலில் ஒரு நீராவி எஞ்சினைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். முதல் கோரிக்கையில் எனக்கு மறுப்பில்லை. இரண்டாவது முதலாவதைக் கெடுத்துவிடும் என்று நினைக்கிறேன். அதை விளக்கக் கடுகண்ணாவையையே எடுத்துக்கொள்கிறேன்.

கடுகண்ணாவைக்கு வாய்த்தவை

இலங்கையின் முதல் ரயில் 1864 டிசம்பர் 27ஆம் திகதி கொழும்பிலிருந்து 54 கி.மீ. தொலைவிலுள்ள அம்பேபுஸ்ஸவுக்கு ஓடியது. சரியாக 150 ஆண்டுகள் கழித்து, 2014 டிசம்பர் 27ஆம் திகதி, கடுகண்ணாவை நிலைய வளவில் தேசிய ரயில் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அதற்கு முன் 2009 முதல் கொழும்பு மருதானையில், பழைய முடிவிட நிலையக் கட்டடத்தில் ஓர் அருங்காட்சியகம் இருந்தது. தலைநகரை விட்டு மலைக்குப் போனது பொருத்தமா என்ற சந்தேகம் கடுகண்ணாவை மேடையில் அரை மணி நேரம் நின்றால் தீர்ந்துவிடும்.

கண்டிப் பாதை கோப்பியைத் துறைமுகத்துக்கு இறக்கப் போட்ட பாதை. 1867இல் கண்டியை எட்டுவதற்குள் றம்புக்கனைக்கும் கடுகண்ணாவைக்கும் இடையே 45 அடிக்கு ஓர் அடி உயரும் ஏற்றத்தை வெல்ல வேண்டியிருந்தது. தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர்கள் காய்ச்சலில் மடிந்து மடிந்து வெட்டிய பாதை அது. பாரமான ரயில்களைப் பின்னாலிருந்து தள்ளுவதற்கு றம்புக்கனையில் இன்னோர் எஞ்சினைப் பூட்டுவார்கள். அந்த ஏற்றத்தின் உச்சியில்தான் அருங்காட்சியகம் இருக்கிறது. உள்ளே பழைய எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளியே இன்றைய எஞ்சின் ஏற்றம் முடித்து மூச்சு வாங்கும். எவ்வளவு செலவழித்துக் கட்டடம் எழுப்பினாலும் வேறோர் ஊரில் இது கிடைக்காது.

அங்குள்ள சேகரிப்பும் இதற்குத் தோதானதே. நீராவி எஞ்சின், ஆரம்பகால டீசல் எஞ்சின், ரயில்கார் (எஞ்சினும் பயணிகள் பெட்டியும் ஒன்றான வண்டி), தள்ளுவண்டி, களனிப் பள்ளத்தாக்கின் குறுகிய பாதையில் ஓடிய வாகனங்கள், சமிக்ஞைக் கருவிகள், டிக்கெட் இயந்திரங்கள், மணிகள். நாட்டின் அகலப் பாதை 1676 மி.மீ., களனிப் பாதையின் பழைய அகலம் 762 மி.மீ. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கிற சிறுவனுக்கு எந்த விளக்கப் பலகையும் தேவைப்படுவதில்லை. கொழும்பு–கண்டி வீதியில் வருகிறவர்கள், அந்த வீதியை அமைத்த பொறியியலாளர் டோசனின் நினைவுக் கோபுரத்தையும் குடைந்த பாறையையும் பார்த்துவிட்டு அப்படியே இறங்கி வரலாம். இரத்மலானை ரயில்வே பணிமனையிலிருந்து எதையும் தண்டவாளத்தின் மீதே கொண்டு வரலாம், பழுதென்றால் ஆள் வரவழைக்கலாம். கடல் வெகு தொலைவில்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நாட்டின் மிகச் சிறந்த பழைய எஞ்சின்கள் சில அருங்காட்சியகத்தில் இல்லவே இல்லை. ‘சேர் தோமஸ் மெயிட்லண்ட்’ என்ற பெயர் தாங்கிய 251ஆம் இலக்க நீராவி எஞ்சினும், 1920களில் செய்த சென்டினல் நீராவி ரயில்காரும் தெமட்டகொட எஞ்சின் கொட்டகையில் ஓடும் நிலையில் பேணப்பட்டவை. ஓடக்கூடிய எஞ்சினுக்கு ஏற்ற இடம், அதை ஓடவைக்கத் தெரிந்தவர்கள் இருக்கும் இடம்தான். இந்த விதி திருகோணமலைக்கும் பொருந்தும். அதைப் பொருத்திப் பார்த்தால்தான் நம் ஆசை எங்கே இடறுகிறது என்று தெரியும்.

உப்புக்காற்றில் ஓர் எஞ்சின்

நிறுத்திவைத்த நீராவி எஞ்சினை முதலில் தின்பது அதன் வயிற்றில் இருப்பதுதான். புகைப்பெட்டியின் அடியில் தங்கிய சாம்பலில் கந்தகம் கலந்திருக்கும். ஈரம் பட்டால் அது அமிலமாகும். புகைபோக்கியின் வாயை மூடாமல் விட்டால் ஒவ்வொரு மழையும் அந்த அமிலத்துக்குத் தண்ணீர் வார்த்துவிட்டுப் போகும். கொதிகலனைச் சுற்றிய வெப்பக்காப்பு உறை ஈரத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். பழைய எஞ்சின்கள் பலவற்றில் அந்த உறை கல்நார். அதைக் கழற்றுவதற்கே பயிற்சி பெற்ற ஆட்களும் முகமூடியும் வேண்டும். நீர்த்தொட்டியின் மூலையில் தேங்கும் தண்ணீர் தகட்டை அரித்துக் கடதாசியாக்கிவிடும். வெளியே கறுப்பு வர்ணம் பளபளக்கும். ஆண்டு விழாவுக்கு ஆண்டு விழா பூசிய வர்ணம்தான் தகட்டைத் தாங்கி நிற்கிறது என்பது ஒரு நாள் யாராவது காலை வைக்கும்போதுதான் தெரியவரும்.

இவ்வளவும் கடல் இல்லாத ஊரில் நடப்பது. திருகோணமலை நிலையத்திலிருந்து கடலுக்கு நடந்தே போய்விடலாம். வாடைக் காலத்தில் கடற்காற்று உப்பை அள்ளிக்கொண்டு நேரே வந்து மோதும். கச்சான் என்கிற மேற்குக் காற்று வீசும் மாதங்களில் அது காய்ந்து ஒட்டிக்கொள்ளும். இந்த ஊரில் ஜன்னல் கம்பி, துவிச்சக்கரவண்டி, தகரக் கூரை என்று எதை வைத்திருப்பவரும் இதை அறிவார். பிரட்ரிக் கோட்டையில் பீரங்கிகள் காலங்காலமாகக் கிடக்கின்றனவே என்று ஒருவர் என்னிடம் கேட்டார். அவை திண்ணென்ற வார்ப்பிரும்பு. மேலே சில மில்லிமீற்றர் துருப்பிடித்தாலும் பீரங்கி பீரங்கியாகவே இருக்கும். நீர்த்தொட்டித் தகட்டில் அதே சில மில்லிமீற்றர்தான் மொத்தத் தடிப்பே.

ஆகவே எஞ்சின் வேண்டுமானால் முதலில் கூரை வேண்டும். திறந்த பந்தல் போதாது, காற்றுப் பக்கம் அடைத்த கொட்டகையே வேண்டும். கூடவே ஆண்டு முழுவதும் எண்ணெய் பூசுவதற்கும், சாம்பல் துடைப்பதற்கும், வடிகால் திறப்பதற்கும் ஆள் வேண்டும். அந்தக் கைகள் இரத்மலானையிலும் தெமட்டகொடவிலும் இருக்கின்றன, இங்கிருந்து ஏறக்குறைய 300 கி.மீ. தொலைவில். சென்னையில் 2002இல் திறக்கப்பட்ட மண்டல ரயில் அருங்காட்சியகத்தைப் பார்த்தவர்கள் அங்கே வரிசையாக நிற்கும் வண்டிகளைப் பற்றிப் பேசுவார்கள். அது ஐ.சி.எஃப். பெட்டித் தொழிற்சாலையோடு சேர்ந்தே இருப்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இலங்கைக்கும் டீசல் ரயில் தொகுதிகளைக் கட்டி அனுப்பிய தொழிற்சாலை அது. பக்கத்திலேயே அப்படியோர் இடம் இருந்தால் நானும் எஞ்சின் கேட்பேன்.

இரண்டு சிவப்புப் பெட்டிகள்

அப்படியானால் இங்கே எதை வைப்பது? என் பட்டியலில் முதலிடம் டப்லட் கருவிக்கு.

ஒற்றைப் பாதையில் எதிரெதிராக இரண்டு ரயில்கள் வந்துவிடாமல் காப்பது இந்தக் கருவிதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் டயர் நிறுவனம் உருவாக்கிய முறை. நம் மலையகப் பாதையிலும் கிழக்குப் பாதைகளிலும் அண்மைக்காலம் வரை அன்றாடப் பணியில் இருந்து வந்தது. அருங்காட்சியகப் பொருளாகும் வயது எப்போதோ கடந்துவிட்டிருந்தது, வேலை மட்டும் முடியாமலே இருந்தது.

கந்தளாய்ப் பக்கத்து நிலையம் ஒன்றில் கடமையாற்றி ஓய்வுபெற்ற நிலைய அதிபர் ஒருவர் எனக்கு இதைக் கையால் காற்றில் வரைந்து காட்டினார். இரண்டு நிலையங்களுக்கும் ஆளுக்கொரு சிவப்புப் பெட்டி. இடையே கம்பி. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் வட்டமான உலோகத் தகடுகள் அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு தகட்டிலும் அது எந்த இரண்டு நிலையங்களுக்கு இடைப்பட்டது என்று பொறித்திருக்கும். விளிம்பில் ஒரு வெட்டும் இருக்கும். அடுத்த பகுதிக்குரிய தகட்டில் வெட்டு வேறு விதம். ஆகையால் அவசரத்திலோ தூக்கக் கலக்கத்திலோ ஒரு பகுதியின் தகட்டை இன்னொரு பகுதியின் பெட்டியில் போட முயன்றால் அது உள்ளே போகாது.

ரயிலை அனுப்ப வேண்டிய அதிபர் மணியடித்துக் கேட்பார். மறுமுனை அதிபர் பாதை வெறுமை என்று கண்டால் மணியால் பதில் சொல்லி, தம் பெட்டியின் பொத்தானை அழுத்திப் பிடிப்பார். அந்த மின்னோட்டம் வந்தால்தான் இந்தப் பக்கத்து இழுப்பறை திறந்து ஒரு தகடு வெளிவரும். வெளிவந்த கணமே இரண்டு பெட்டிகளும் பூட்டிக்கொள்ளும். அந்தத் தகடு போய்ச் சேர்ந்து மறுமுனைப் பெட்டியில் போடப்படும்வரை இன்னொரு தகட்டை எந்தப் பக்கத்திலும் எடுக்க முடியாது. தகட்டைத் தோல் பையில் வைத்து, பெரிய வளையத்தில் மாட்டி, சாரதியிடம் கொடுப்பார்கள். நிற்காத ரயில் என்றால் மேடையோரம் வளையத்தை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். சாரதியின் உதவியாளர் கையை நுழைத்து அள்ளிக்கொண்டு போவார். மழை இரவில் அந்த வளையம் கையில் விழும் அடியைப் பற்றிச் சொல்லும்போது அந்த அதிபர் தம்மையறியாமல் மணிக்கட்டைத் தடவிக்கொண்டார்.

ஒரு பக்கத்திலிருந்தே அதிக ரயில்கள் ஓடினால் தகடுகள் மறுபக்கத்தில் குவிந்துவிடும். இந்தப் பெட்டி காலியாகும். அப்போது சமிக்ஞைப் பிரிவு ஆள் வந்து, பெட்டியைத் திறந்து, கணக்கெழுதி, தகடுகளைத் திருப்பிக் கொண்டுவந்து நிரப்ப வேண்டும். பாதையின் போக்குவரத்து எந்தத் திசையில் சாய்ந்திருந்தது என்பதை அந்தக் கணக்குப் புத்தகமே காட்டிவிடும். எந்த அருங்காட்சியகத்திலாவது அந்தப் புத்தகத்தைக் காட்சிக்கு வைத்திருந்தால் நான் முதலில் அதைத்தான் போய்ப் பார்ப்பேன்.

இந்தக் கருவியில் ஒன்றை மட்டும் கண்ணாடிப் பேழைக்குள் வைத்தால் பயனில்லை. பார்ப்பவருக்கு அது பழைய அலமாரி. இரண்டைக் கொண்டுவந்து, இரு அறைகளில் வைத்து, கம்பி இழுத்து, மணியும் பூட்டும் வேலை செய்யும்படி அமைக்க வேண்டும். ஓர் அறையில் அக்கா, மற்ற அறையில் தம்பி. தகட்டை எடுத்துவிட்ட பிறகு இன்னொன்றை இழுத்துப் பார்க்கட்டும். பெட்டி மறுப்பதைக் கையால் உணர்ந்த பிள்ளைக்கு ரயில் பாதுகாப்பு பற்றிப் பிறகு பாடம் நடத்த வேண்டியதில்லை. இதற்கு வேண்டியது இரண்டு அறையும் ஒரு நல்ல மின்வேலைக்காரரும்தான். உப்புக்காற்று ஒரு பொருட்டே இல்லை.

அட்டை டிக்கெட்டுகளும் இதே வகை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் எட்மண்ட்சன் என்ற இங்கிலாந்து நிலைய அலுவலர் கண்டுபிடித்த, இரண்டேகால் அங்குல நீளமுள்ள அந்தத் தடித்த அட்டை நம் வீடுகளின் பழைய புத்தகங்களுக்குள் இன்னும் அடையாளக் குறியாகக் கிடக்கிறது. திகதி அடிக்கும் இயந்திரத்தையும் சேர்த்து வைத்து, வருகிறவர்களுக்கே அடித்துக் கொடுத்தால் நுழைவுச்சீட்டுப் பிரச்சினையும் தீர்ந்தது.

துறைமுகத்துக்கு வந்த பாதை

கடுகண்ணாவையின் கதை ஏற்றம். நம் பாதையில் ஏற்றமில்லை. காடு, வயல், குளம், பிறகு துறைமுகம். கதையும் துறைமுகத்தில்தான் இருக்கிறது. ரயில் வந்த அதே காலத்தில் பிரித்தானியர் சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 10,000 டன் கொள்ளும். இன்று எஞ்சியிருப்பவை 99. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குறிவைத்தது இந்தத் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத்தளத்தையும்தான். அன்று ஒரு தாங்கி அழிந்தது. பிற்காலத்தில் சீனன்குடாவில் பிரிமா மாவு ஆலை வந்தது. கப்பலில் வரும் கோதுமை மாவாகி, மூடிய பெட்டிகளில் தண்டவாளத்தின் மீது கொழும்புக்குப் போனது. நாட்டின் பாதி மக்கள் காலையில் பாண் சாப்பிடும்போது இந்தப் பாதையை நினைத்திருக்க நியாயமில்லை. ஆனால் சீனன்குடாவில் ரயில் தாமதித்தால் கொழும்பில் பேக்கரிக்காரர் கவலைப்பட்ட காலம் இருந்தது.

எனவே பெரிய பொருள் ஒன்று வேண்டுமென்றே வாதாடுகிறவர்களுக்கு நான் சொல்வது: ஒரு மாவுப் பெட்டி, ஓர் எண்ணெய்த் தாங்கிப் பெட்டி. எஞ்சினோடு ஒப்பிட்டால் எடை சொற்பம். கொதிகலனும் இல்லை, கல்நாரும் இல்லை. ஓட்டை விழுந்தால் ஊரிலுள்ள வெல்டிங் கடைக்காரர் ஒட்டிவிடுவார். மாவுப் பெட்டிக்குள் மனிதர் நடந்து போகலாம் என்பதால் பெட்டியே காட்சியறையாகிவிடும். அதன் கதவைத் திறந்ததும் சீனன்குடாவின் படங்கள். ஆயுள் முடிந்து பதிவேட்டிலிருந்து நீங்கிய சரக்குப் பெட்டிகள் பழைய இரும்பாகப் போவது எல்லா ரயில்வேக்களிலும் வழக்கம். எஞ்சினுக்கு நாடு முழுவதும் ஆசைப்படுகிறவர்கள் உண்டு. சரக்குப் பெட்டிக்குப் போட்டியில்லை. அதனாலேயே அது சத்தமில்லாமல் மறைந்துவிடும்.

போரைத் தவிர்த்து இந்தப் பாதையின் கதையைச் சொல்ல முடியாது. சேவை நின்றும் ஓடியும், மறுபடி நின்றும் கழிந்த ஆண்டுகள் அவை. வடக்கில் தண்டவாளமும் சிலிப்பர்கட்டையும் பதுங்குகுழிக் கூரைகளாயின. யாழ்ப்பாணத்துக்கு ரயில் திரும்பிப் போனது 2014 அக்டோபரில், அதாவது கடுகண்ணாவை அருங்காட்சியகம் திறப்பதற்கு இரண்டு மாதங்கள் முன்பு. ஒரே ஆண்டில் நாட்டின் ஒரு பகுதி ரயிலின் 150ஆம் ஆண்டைக் கொண்டாடியது, இன்னொரு பகுதி ரயில் வந்ததையே கொண்டாடியது. பதுங்குகுழியிலிருந்து மீண்ட ஒரு முழம் தண்டவாளத்துண்டு இந்த இரண்டையும் ஒரே மேசையில் வைக்கும்.

அதேபோல் யானை. 2025 பெப்ரவரி 20 அதிகாலையில் கல்ஓயாவுக்கு அருகே பயணிகள் ரயில் ஒன்று மந்தையில் மோதி ஆறு யானைகள் இறந்தன. கிழக்குப் பாதைச் சாரதிகளிடம் பேசினால் பெரும்பாலும் பேச்சு இங்கேதான் வந்து நிற்கும். வளைவில் வெளிச்சம் எவ்வளவு தூரம் விழும், பிரேக் பிடித்த பிறகு ரயில் எவ்வளவு தூரம் போகும் என்பதைத் தரையில் கோடு போட்டுக் காட்டும் ஓர் அறை, பழைய எஞ்சின் விளக்கு ஒன்றைச் சும்மா மாட்டிவைப்பதைவிட எத்தனையோ மடங்கு பயன்.

கையெழுத்தும் நினைவும்

பொருளின் மதிப்பு அதனோடு ஒட்டிய செய்தியில் இருக்கிறது என்பதற்கு நம் நாட்டிலேயே நல்ல உதாரணம் 591ஆம் இலக்க ‘மனிடோபா’. கொழும்புத் திட்டம் என்ற பன்னாட்டு உதவித் திட்டத்தின் கீழ் கனடாவிலிருந்து 1954 முதல் வந்த எம்2 வகை டீசல் எஞ்சின்களில் ஒன்று. 2004 டிசம்பர் 26ஆம் திகதி பேரளியவில் சுனாமி அடித்துச் சென்ற ரயிலை இழுத்துக்கொண்டிருந்தது அதுதான். ரயில்வே ஊழியர்களே அதைத் திருத்தி மறுபடி ஓடவைத்தார்கள். அந்தச் செய்தி தெரியாதவருக்கு அது பத்தோடு பதினொன்றான ஒரு டீசல் எஞ்சின்.

திருகோணமலைப் பாதையில் வேலை செய்தவர்களின் செய்தி எழுதப்படவில்லை. நிலைய அதிபர், ரயிலோடு போகும் காட் (ரயில் காப்பாளர்), கடவைக் காவலர், தண்டவாளத்தில் சுத்தியலோடு நடந்த பாதைத் தொழிலாளர். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் ஒரே குவாட்டர்ஸ் வரிசையில் குடியிருந்த குடும்பங்கள் இவை. போரில் சிதறினார்கள், பிள்ளைகள் வெளிநாடு போனார்கள், வீட்டைக் காலி செய்யும்போது பழைய கடமைப் புத்தகங்கள் அடுப்புக்குப் போயின. அவர்களிடம் போகிறவர் ஒலிப்பதிவுக் கருவியோடு ஒரு ஸ்கேனரையும் எடுத்துப் போக வேண்டும். புத்தகத்தைக் கேட்டால் தரமாட்டார்கள், படமெடுக்கக் கேட்டால் தேநீரோடு தருவார்கள். இந்த வேலைக்குக் கட்டடமும் வேண்டாம், அமைச்சின் அனுமதியும் வேண்டாம். சேகரித்ததை மூன்று மொழிகளிலும் எழுதி வைக்க வேண்டும். நிலையப் பெயர்ப் பலகை எப்படியோ, அப்படி.

எஞ்சின் இல்லாவிட்டால் யார் வருவார்கள் என்ற கேள்வி நியாயமானதே. நிலாவெளிக்கும் கோணேசர் கோயிலுக்கும் வருகிறவர்கள் எஞ்சின் முன் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். மாவுப் பெட்டி முன் நிற்பார்களா என்பது சந்தேகம்தான். ஆனால் படமெடுக்க வருகிறவர் பத்து நிமிடம் நிற்பார், மணியடித்துத் தகடு எடுக்க வருகிற பிள்ளை பெற்றோரை ஒரு மணி நேரம் கட்டிப்போடும். பாடசாலைப் பிள்ளைகளை முதல் பார்வையாளராக வைத்துத் திட்டமிட்டால் கணக்கு வேறு மாதிரி வரும்.

எஞ்சினை என்றைக்கும் வேண்டாம் என்று சொல்லவில்லை. கொட்டகை எழுந்து, அதைக் காக்க ஆள் அமர்ந்து, இரண்டு வாடைக் காலம் கூரை ஒழுகாமல் நின்ற பிறகு கேட்கலாம். அப்போதும் நீராவி எஞ்சினைக் கேட்க மாட்டேன். எம்2 ஒன்றைக் கேட்பேன். அந்த வகை எஞ்சின்கள் எழுபது ஆண்டு தாண்டியும் சேவையில் இருப்பதால், அவசரப்படவும் தேவையில்லை.